சோதனை வாடிக்கையாளர் மூன்று

உங்களுக்கு எத்தனை போன் நம்பர் மனப்பாடமாகத் தெரியும்? எனக்கு இரண்டுதான். ஒன்று என்னுடையது. வீட்டுக்காரர் நம்பரைக் கேட்டால் போனைத் திறந்து பார்த்துத்தான் சொல்வேன், பிரசவத்துக்குச் சேர்த்த அன்றைக்குச் சீட்டு எழுதுகிற பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. இன்னொன்று தம்பி பேச்சிமுத்து நம்பர். அவனுக்கு முதல் சிம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடையை விரித்து உட்கார்ந்திருந்தவர் ஒரு தாளில் இருபது நம்பரை நீட்டினார், நான் எழுபத்துமூன்று எழுபத்துமூன்று என்று முடிகிறதைப் பொறுக்கினேன், எங்கள் ஊருக்கு வருகிற ஒரே பஸ் எழுபத்துமூன்று ஏ என்பதால். "பஸ்ஸு மாதிரியே இதுவும் நேரத்துக்குக் கிடைக்காதுக்கா" என்றான். அந்த நம்பருக்குத்தான் மூன்று மணி பதினேழு நிமிடத்துக்கு ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பினேன் என்பதைவிட என் கட்டைவிரல் அனுப்பியது என்றால் சரியாக இருக்கும். போன் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. வட்டத்துக்குக் கீழே இருக்கிற வரி நான் எழுதிக் கொடுத்தது: பணம் வழியில் இருக்கிறது, முப்பது நிமிடம் வரை ஆகலாம், மறுபடி அழுத்த வேண்டாம். அதற்கும் கீழே, அழுத்தின பிறகு நான் படித்த வரி: பெறுபவர், ஜெஸிந்தா ராணி. அதை முதலில் படித்திருக்க வேண்டும். படிப்பதுதான் என் வேலையே. ஒரு காலை மடக்கி நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், அது என் பழக்கம், பள்ளிக்கூடத்துப் பெஞ்சிலேயே அப்படித்தான், ஜெஸிந்தா ராணி என்று எங்கள் ஊரில் யாரும் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது, கல்யாணப் பத்திரிகை கொடுத்த வீடுகளில்கூடக் கிடையாது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், சொன்னால் சிரிப்பீர்கள், அழுத்துவதுதான் வேலை. ஆலங்குளம் ரோட்டில் உரக்கடைக்கு மேல் மாடியில் பதினோரு பேர் கம்பெனி, மற்றவர்கள் ஆப் செய்வார்கள், நான் அதை வாங்குகிற ஜனங்கள் எப்படியெல்லாம் தப்பாக அழுத்துவார்களோ அப்படியெல்லாம் அழுத்திப் பார்த்துத் தேறியது, தேறவில்லை என்று எழுதுவேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு, அப்புறம் தபாலில் ஒரு டிகிரி, அதற்கு இது பெரிய வேலை. இப்போது எங்கள் கையில் இருப்பது இட்லி மாவு ஆப். மாவு அண்ணாச்சி மூன்று ஊருக்கு விடிகாலையில் வீட்டு வாசலில் பாக்கெட் போடுகிறார், இதுவரை சில்லறை கொடுத்து வாங்கினார்கள், இனி வாலட்டிலிருந்து கட்டலாம், பாக்கெட் பொத்துக்கொண்டு மாவு ஒழுகிவிட்டால் அந்தப் பணம் அவரவர் போன் நம்பரில் இருக்கிற வாலட்டுக்கே திரும்பிப் போய்விடும். அந்தத் திரும்பிப் போகிறதைத்தான் இன்றைக்குக் கடைசியாகப் பார்க்கிறேன். அதற்காக ஏழு பொய் வாடிக்கையாளர்களை வைத்திருக்கிறேன், ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு வாசல், ஒரு நம்பர். நாலு மாதம் முன்னால் எல்லாம் விளையாட்டுப் பணமாக ஓடிக்கொண்டிருந்தபோது மூன்றாவது ஆளுக்குப் பேச்சிமுத்து என்று பெயர் போட்டு அவன் நம்பரையே அடித்துவிட்டேன். நினைத்துச் செய்யவில்லை. நம்பர் என்று ஒரு கட்டம் வந்தது, கை அடித்தது. உயிரோடு இல்லாத நம்பர்தானே, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. விளையாட்டுப் பணம் யாருக்கும் போய்ச் சேராது, அவனும் தினமும் கால் கிலோ, அரைக் கிலோ மாவு வாங்கினான், காசு கட்டினான், பாக்கெட் பொத்தது என்று முறையிட்டான், உயிரோடு இருந்தபோது ஒருநாளும் எதற்கும் முறையிடாத பயல். திங்கட்கிழமை நிஜ வாலட்டோடு இணைத்தார்கள். இணைக்கும் முன்னால் ஏழு பேருக்கும் ஆபீஸ் போன்களின் நம்பராக மாற்றிவிட வேண்டும், வெளி நம்பர் ஒன்றுகூட இருக்கக்கூடாது, இது கண்டிப்பு, போன வருசம் சொந்தக்கார நம்பர் போட்டதற்காக ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் மாற்றினேன். ஒன்றாவது, இரண்டாவது. மூன்றாவதில் கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. டீ வந்தது. குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். நாலாவதுக்குப் போனேன்.

"என்னக்கா, போனையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க, அது என்ன உங்க மாமியாரா" என்கிறாள் பாத்திமுத்து, பக்கத்து நாற்காலி, கல்யாணமாகாத பிள்ளை, ஆப்பில் பொத்தான் எங்கே வரவேண்டும், என்ன நிறம் என்று தீர்மானிக்கிறவள். "மாமியாரா இருந்தா நான் எங்க முறைக்க, அவ்வோல்லா முறைப்பாவோ" என்று என் வாய் சொல்கிறது. அவள் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். என் வாய்க்கு என்னைக் கேட்டு எதுவும் ஆகவேண்டியதில்லை, கிட்டத்தட்ட ஒன்றரை வருசமாக அது தனியாகச் சம்பாதித்துத் தனியாகச் சாப்பிடுகிறது. இசக்கி எப்பவும் சிரிச்ச முகம் என்று ஆபீசில் சொல்வார்கள், இசக்கி தேத்திக்கிட்டா என்று ஊரில் சொல்வார்கள், இரண்டும் ஒரே முகத்தைப் பற்றித்தான். வட்டம் சுற்றுகிறது. மூன்று இருபத்தைந்து. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைக் காத்தாடிகள் சுற்றுகின்றன, மூன்று சுற்றுகிறது, ஒன்று நிற்கிறது, எப்போதும் அந்த ஒன்று நிற்கும், கெட்டுப்போனதா நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும் என்று நினைப்பேன், கேட்டதில்லை. அதன் இறக்கை எவ்வளவு நீளம் என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவரும்போதுதான் தெரியும், அவ்வளவு நீள லாரி ரோட்டில் திரும்பினால் பின்பக்கம் எதிர்ப்பக்கத்தையே துடைத்துக்கொண்டு போகும், முன்னால் ஒருத்தன் சிவப்புத் துணி பிடித்து நிற்பான், துணி பிடிக்கிறவன் அன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தான் என்றார்கள், போகவில்லை, நின்றான், தம்பிதான் கவனிக்கவில்லை என்றும் சொன்னார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் அப்போது வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருந்தேன், கை நிறையக் கண்ணாடி வளையல், ஏழாம் மாதம். பிரேதம் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்ததும் முதலில் என்னைத்தான் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனார்கள். பிள்ளைத்தாய்ச்சி பார்க்கக்கூடாது. அது முறை, யாரும் கல்நெஞ்சோடு செய்யவில்லை, அம்மா அந்த நிலையிலும் என் தலையில் முக்காட்டைப் போட்டுப் பின்வாசல் வழியாகச் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள். "அழாத தாயி, நீ அழுதா உள்ள இருக்க பிள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றாள் சித்தி. மேளம் கேட்கும் என்று டிவியைச் சத்தமாக வைத்தாள். ஏதோ காமெடி ஓடியது. ஒருவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு யாராவது கூப்பிடக் கூப்பிடத் திரும்பித் திரும்பி எல்லாரையும் இடித்துத் தள்ளினான். நான் சிரித்தேன். சித்தியும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சூடான பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், தின்றேன். மேளம் தெருமுனையில் திரும்பிச் சன்னமாகி நின்றபோது சித்தி டிவியைக் குறைத்தாள். அவ்வளவுதான். அவன் போனதற்கு என்னிடம் இருக்கிற அத்தாட்சி அந்த ஒலி குறைந்தது ஒன்றுதான்.

ஆவுடையப்பன் சார் செருப்பை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்கிறது. எங்கள் குழுவுக்குத் தலை அவர், நல்ல மனுசர், பயந்த மனுசர். "என்னம்மா இசக்கி, திரும்பிப் போற பணம் என்னாச்சு?" "வழியில இருக்கு சார்." "மாவே புளிச்சிரும் போலருக்கே. எந்த ஆளுக்குப் போட்ட?" "மூணாவது சார்." "சரி, அரை மணி ஆச்சுன்னா அந்தப் போன வச்சிருக்கவங்ககிட்ட வாய் வார்த்தையா ஒரு தடவ கேட்டுரு. வந்துச்சுன்னா வந்துச்சு, வரலைன்னா வரலைன்னு எழுது. வரலைன்னா இன்னைக்கு ஆப்ப வெளிய விடமாட்டேன், எல்லாத்தையும் அவுத்துப் பாத்துதான் விடணும். நாலு மணிக்கு அண்ணாச்சி மாலையோட வாரதா சொல்லியிருக்காவோ." "ஆப்புக்கு மாலையா சார்" என்கிறாள் பாத்திமுத்து. "கம்ப்யூட்டருக்குத்தான் போடுவாவோ போல. உனக்குன்னு நெனச்சுக் கழுத்த நீட்டிறாத" என்று போய்விட்டார். எல்லாத்தையும் அவிழ்த்துப் பார்த்தால் முதலில் என்ன வெளியே விழும் என்று எனக்குத் தெரியும். பத்து இலக்கம் விழும். வேலை போகும். போனால் என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன், பயம் வருகிறதா என்று பார்க்கிறேன், வரவில்லை, பயத்துக்கான இடம் மட்டும் தெரிகிறது, பல்லைப் பிடுங்கின இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி. பிள்ளையைக் காலையில் எட்டே காலுக்கு அம்மாவிடம் விட்டு ஐந்தே முக்காலுக்குத் தூக்குகிற தூரத்தில் வேறு வேலை கிடையாது. மகிழினிக்கு இப்போது ஒரு வயசும் இரண்டு மாதமும், போனைக் காதில் வைத்து அலோ அலோ என்கிறாள், அந்தப் பக்கம் யார் என்று கேட்டால் மாமா என்கிறாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மா என்கிற எழுத்து அவளுக்கு எளிதாக வருகிறது, அதனால்தான். அவள் பிறந்தபோது முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லை. வயிற்றைக் கிழிப்பது தெரிந்தது, வலி இல்லை, யாரோ பக்கத்து அறையில் சீலைத்துணி கிழிக்கிற மாதிரி இருந்தது. நர்சு காலை அசைக்கச் சொன்னாள். அசைத்தேன் என்று நினைத்தேன், அசையவில்லை. "நாலு மணி நேரத்துல திரும்பிரும்மா" என்றாள். கால் திரும்பிவிட்டது. அன்றைக்கு ராத்திரியே எழுந்து நடந்தேன், நடந்தேன் என்று எல்லாருக்கும் சந்தோசம்.

அந்தச் செத்த நம்பருக்கு நான் இரண்டு மாதம் ரீசார்ஜ் பண்ணினேன் என்பது யாருக்கும் தெரியாது. போன் லாரிக்கடியில் நொறுங்கிவிட்டது, சிம் எங்கே என்று யாரும் தேடவில்லை, ஆனால் இருபத்தெட்டு நாள் ஆனதும் எனக்கு நினைவு வந்தது, அவனுக்கு எப்போதும் நான்தான் போட்டுவிடுவேன், அவன் கூப்பிட்டு "அக்கா, தொண்டைய அடைச்சுட்டானுவோ" என்பான், அதற்கு அர்த்தம் காசு தீர்ந்தது. போட்டேன். அடுத்த மாதமும் போட்டேன். நானாகக் கூப்பிட்டால்கூட, "சீக்கிரம் சொல்லுக்கா, பேலன்ஸ் இல்ல" என்பான். "நான்தானல கூப்பிட்டிருக்கேன், உனக்கு எதுக்கு பேலன்ஸு?" "கேக்குறதுக்குப் பொறுமையில பேலன்ஸ் இல்ல." மூன்றாம் மாதம் பிள்ளை பிறந்து மஞ்சள் காமாலை என்று விளக்குக்கு அடியில் வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டி, சின்னத் தவளை மாதிரி கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு பால் கட்டியது, காய்ச்சல் வந்தது, காது குத்தினார்கள். நினைவு வந்து நம்பரை அடித்தபோது பிள்ளைக்கு நாலு மாதம் ஆகிவிட்டிருந்தது, இந்த எண் செயல்பாட்டில் இல்லை என்று ஆப் சொன்னது. சரி என்று வைத்துவிட்டேன். நம்பருக்கும் சாவு உண்டு, இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அது இன்னொரு ஆளுக்குப் பிறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, நம்பரைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள், வாடகை வீடு மாதிரி வெள்ளையடித்து விட்டுவிடுவார்கள் என்று யாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்தத் தொழிலில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாதா. திங்களிலிருந்து இன்றுவரை அந்த ஆளுக்குப் பதினொரு குறுஞ்செய்தி போயிருக்கிறது. எண்ணிவிட்டேன். எல்லாம் நான் எழுதின வாசகம்தான்: வணக்கம் பேச்சிமுத்து, உங்கள் மாவு வாசலுக்கு வந்துவிட்டது, புளிக்கும் முன் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி அதைப் படித்துத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மூன்று நாற்பத்தொன்று. வந்தது என்று சும்மா எழுதிவிடலாம். எழுதினேன், வ, ந், த வரைக்கும், அழித்துவிட்டேன். நியாயம் தர்மம் என்று இல்லை. அழுத்திப் பார்க்காமல் தேறியது என்று நான் எழுதினதில்லை, அவ்வளவுதான், நாளைக்கு மூன்று ஊரில் எந்த வீட்டிலாவது பாக்கெட் பொத்துக்கொண்டு ஒருத்தி இந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதற்கு அந்த நம்பரைக் கூப்பிட வேண்டும். அவன் போனதிலிருந்து கூப்பிட்டதில்லை. ரீசார்ஜ் பண்ணின இரண்டு மாதத்திலும் கூப்பிடவில்லை, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் சொல்லியிருப்பாள், அதைக் கேட்கவில்லை. கூப்பிடாதவரைக்கும் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கலாம், சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். இப்போது மணி அடித்தால் வேறு யாரோ எடுப்பார்கள். எடுக்காமல் போனால் அது இன்னும் மோசம். கால் மரத்துவிட்டது, மடக்கி வைத்திருக்கிற கால், நாற்காலியில் என் கீழே வேறு ஒருத்தி கால் இருக்கிறது. மூன்று நாற்பத்திரண்டு. என் சொந்தப் போனை எடுத்துப் படிக்கட்டுக்குப் போகலாம் என்று எழுந்தால் கால் இல்லை, பாத்திமுத்து கையைப் பிடித்தாள். "மெதுவாக்கா." "மரத்துட்டு" என்றேன். மறுபடி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே, கட்டைவிரல் என்னைக் கேட்காமல் பத்து இலக்கத்தையும் அடித்தது, எழுபத்துமூன்று, எழுபத்துமூன்று.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். தாளிக்கிற சத்தம், கரண்டி சட்டியில் மோதுகிற சத்தம், அதற்கும் பின்னால் அலை மாதிரி ஒன்று, கடற்கரைப் பக்கமோ என்னவோ, ஒரு பெண்பிள்ளை, நாற்பது வயசிருக்கும், அலோ என்றாள், பேச்சிமுத்து இல்லை. எனக்கு வேறு ஒன்றும் ஆகவில்லை. "அக்கா, நான் மாவு ஆப்புல இருந்து பேசுதேன்" என்றேன். "நீங்கதானா அது? நாலு நாளா வாசல்ல மாவு நிக்குன்னு அனுப்புதிய, நானும் கதவத் தொறந்து தொறந்து பாக்கேன், நாய்தான் நிக்கி. அதுவும் இப்ப நம்மளப் பாத்தா வால ஆட்ட ஆரம்பிச்சிட்டு." "மன்னிச்சுக்கிடுங்கக்கா, தப்பா வந்துட்டு. இப்ப ஒரு ரூவா வந்துருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன்." கரண்டியை வைக்கிற சத்தம். சேலையில் கையைத் துடைக்கிறாள் போல. "வந்துருக்கே. மூணு முப்பத்தொம்பதுக்கு. இது எதுக்கும்மா, வராத மாவுக்கா?" தாளில் வந்தது என்று எழுதினேன், பக்கத்தில் நேரம் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். தேறியது. என் கணினியில் மூன்றாவது வாடிக்கையாளரைத் திறந்து நம்பரைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அழித்துக்கொண்டே, "ஆமாக்கா, வச்சுக்கிடுங்க, இனிமே செய்தி வராது" என்றேன். "அது சரி, பேச்சிமுத்து பேச்சிமுத்துன்னு போட்டு வருதே, முன்னாடியும் ரெண்டு மூணு பயலுவ கூப்பிட்டானுவோ, பேச்சி இருக்கானான்னு, ராங் நம்பர்னு வச்சிருவேன். யாரு, உங்க மொதலாளியா?" "என் தம்பிக்கா." "அப்படியா. நம்பர மாத்திட்டாரா? புது நம்பரு குடுத்தீங்கன்னா எழுதி வச்சிக்கிடுதேன், கேக்குறவங்களுக்குச் சொல்லிருவேன், பாவம்." கட்டம் காலியாகிவிட்டது, கர்சர் மினுக்குகிறது. ஏழாம் மாதம் என்னிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, தம்பிக்கு அடிபட்டுட்டு என்றார்கள், கொண்டாரப் போறாவோ என்றார்கள், முடிஞ்சிட்டு என்றார்கள். நானும் யாரிடமும் சொன்னதில்லை. "இல்லக்கா" என்றேன், "செத்துப்போயிட்டான்." பாத்திமுத்து திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. தொடையிலிருந்து கீழே நாற்காலியில் கிடந்த அந்தக் காலில் ஒரு எறும்பு, பிறகு ஒரு பிடி எறும்பு, தொடவே முடியாதபடி ஊர ஆரம்பித்தது. "ஏசுவே" என்றாள் ஜெஸிந்தா ராணி, மெதுவாக. பிறகு, "எனக்குத் தெரியாதும்மா. ஒனக்குச் சங்கடமா இருந்தா இந்த நம்பர நான் விட்டுருதேன், எங்கிட்ட இன்னொரு சிம்மு கெடக்கு" என்றாள்.

"வேண்டாம்க்கா" என்றேன். "விட்டுறாதீங்க. மாசாமாசம் ரீசார்ஜ் மட்டும் மறக்காம பண்ணிக்கிடுங்க."